மின்விசிறியை நிறுத்திய இரக்கம்

பதினெட்டுப் பேர் ஒரு கோழி ஷெட்டுக்குள் நுழைகிறார்கள். முதலில் நுழைந்தவர் "ஐயோ, பாவம்" என்கிறார். அவர் மட்டும் அன்றைக்குச் சளி பிடித்து வீட்டிலேயே இருந்திருந்தால், மற்ற பதினேழு பேருக்கும் அந்தக் கோழிகள் பாவமாகத் தெரிந்திருக்குமா? நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும், கேஸை மூடினோமா என்று மூன்றாவது தடவை போய்ப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. பதில்தான் வந்தபாடில்லை.

கோழியியல் படித்துவிட்டு இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் பழைய மாணவர் இதழிலிருந்து கேட்டார்கள். 'பணி ஓய்வு பெற்றவர்கள்' பக்கத்தில் போடுவார்களாம். எனக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வயதுப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு ஓய்வு என்ற சொல்லைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. ஆனாலும் கேட்டால் செய்துவிடுவது என் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஓசூரிலிருந்து சானமாவுக் காட்டைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு முட்டைப் பண்ணையில் நான் 'விலங்கு நல அலுவலராக' இருந்தேன். பண்ணையின் பெயரை எழுதவில்லை. இத்தனை காலம் இல்லாத நலன் கோழிகளுக்குத் திடீரென்று ஏன் தேவைப்பட்டது என்று கேட்பீர்கள். பெங்களூரில் ஒரு கடைக்காரர் எங்கள் முதலாளியிடம் கேட்டுவிட்டார். கடைக்காரரிடம் ஒரு வாடிக்கையாளர் கேட்டுவிட்டார். வாடிக்கையாளரிடம் அவருடைய யோகா வகுப்புத் தோழி கேட்டுவிட்டார். கோழிகள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

பண்ணையில் ஒரே ஒரு ஷெட்டில் கோழிகள் கூண்டில்லாமல் தரையில், உமி மேல் நடமாடும். அதற்குப் பின்னாலிருந்த ஷெட்டுகளில் எல்லாம் கூண்டுதான். கம்பெனியின் பெரும்பாலான முட்டை அங்கிருந்துதான் வந்தது. பார்வையாளர்கள் வரும் நாளில் நல்ல ஷெட்டின் மேற்குப் பக்கம் படுதாவை இறக்கிவிட வேண்டும், அந்தப் பக்கத்தில்தான் கூண்டு ஷெட்டுகள் தெரியும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் நலன் சார்ந்த உத்தரவு. நான் அதைக் குறிப்பேட்டில் 'காற்று மறைப்பு' என்று எழுதிவைத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் மஞ்சுளாக்கா. தொரப்பள்ளியிலிருந்து வருவார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ். கோழிகளிடம் மூன்றும். அந்தப் பண்ணையில் அவருக்கு ஒன்பது வருடம். எனக்குப் பட்டம். அதனால் நான் அவருக்கு 'மேடம்'.

இப்போது என் அபார்ட்மெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு மூக்கண்டப்பள்ளி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நாங்கள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். கடன் வாங்கி ஓசூரில் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடியேறினோம். ஊரில் அப்பா கோயில் கொடைக்குச் சேவல் அறுப்பதைப் பக்கத்தில் நின்று, தட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் நான். ஒன்றும் தோன்றியதில்லை. ஃபிளாட்டுக்கு வந்து ஆறு மாதத்தில் "நாங்க கூண்டில்லாத முட்டைதான் வாங்குவோம்" என்று லிஃப்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் எந்த நாளில் என் மனம் இளகியது என்று தேதி கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் பழுப்பு நிற அட்டைப் பெட்டியைப் பார்த்த நாளாக இருக்கலாம்.

அந்தப் பழுப்புப் பெட்டியை எங்கள் குடியிருப்புக்கு அறிமுகப்படுத்தியவர் சங்கச் செயலாளர் சுகந்தி ஆன்ட்டி. வங்கி மேலாளராக இருந்தவர். குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் போடுவதிலிருந்து தண்ணீர் லாரி வரை முதல் வார்த்தை அவருடையது. கெட்டவர் இல்லை. என் குழந்தை பிறந்தபோது பத்தியச் சாப்பாடு கொடுத்தனுப்பியவர். ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ வேலை செய்யற ஃபார்முக்கு எங்களையெல்லாம் ஒருநாள் கூட்டிட்டுப் போயேன்மா" என்றார். சரி என்றேன். கேட்டால் செய்துவிடுவேன் என்றேனே.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி அப்போது நான்கு மாதம். ஏப்ரல். பதினெட்டுப் பேரும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பிளாஸ்டிக் காலுறை மாட்டி, கிருமிநாசினியில் கால் நனைத்து, மணி பதினொன்றரைக்கு ஷெட்டுக்குள் நுழைந்தோம்.

உள்ளே பெரிய மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை சத்தம் போடும். சுகந்தி ஆன்ட்டி காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, பாவம். இவ்ளோ சத்தத்துல இதுங்க எப்படிம்மா தூங்கும்?"

அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் காது கேட்க ஆரம்பித்தது.

"ஆமா ஆன்ட்டி, எனக்கே தலை வலிக்குது."

"கோழிக்குக் காது நம்மளவிட ஷார்ப்பாம்."

"கூண்டு இல்லன்னு சொல்லிட்டு இப்படி டார்ச்சர் பண்றாங்களே."

ஒரு நிமிடத்துக்கு முன்னால் இந்தப் பதினேழு பேரும் மின்விசிறிக்குக் கீழே நின்று முந்தானையையும் துப்பட்டாவையும் காற்றில் உலர்த்திக்கொண்டிருந்தவர்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"நீதானே வெல்ஃபேர் ஆபீசர். கொஞ்சம் ஆஃப் பண்ணச் சொல்லும்மா" என்றார் ஆன்ட்டி.

கோழிக்கு வியர்க்காது. வாய் வழியாகத்தான் வெப்பத்தை வெளியேற்றும். நீங்கள் எல்லோரும் படித்தது. நானும் படித்தேன், அந்தத் தாளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது, "வெயில் நேரம் ஆன்ட்டி, அதான்..." என்பது மட்டும். மீதி வாக்கியம் வரவில்லை. பதினெட்டு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் இரக்கமுள்ளவளா இல்லையா என்பதை அவர்கள் அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்கள். சாயங்காலம் அதே முகங்களோடு நான் லிஃப்டில் ஏற வேண்டும்.

மஞ்சுளாக்காவைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன்.

"மேடம், படுதாவும் எறக்கியிருக்குது. ஃபேனும் நின்னா காத்து எங்கிருந்து வரும்?"

"பத்து நிமிஷம்க்கா."

"மணி பன்னண்டு ஆவப் போவுதுங்க."

"நான் சொல்றேன்ல."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். போய் சுவிட்சை அணைத்தார்.

ஷெட் அமைதியானது. "எவ்ளோ நிம்மதி" என்றார் ஆன்ட்டி. எல்லோரும் நிம்மதியானார்கள். வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு கோழியோடு படம் வேண்டும். பத்து நிமிடம் என்றேன் அல்லவா, நாற்பது நிமிடம் ஆயிற்று.

இருபதாவது நிமிடத்தில் கோழிகள் வாயைத் திறந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு நின்றன. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஆன்ட்டி சொன்னார், "பாருங்க, பாட்டுப் பாடுதுங்க." உடனே எல்லோருக்கும் பாட்டு கேட்டது. ஒருவர் சுருதி நன்றாக இருக்கிறது என்றார். ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார், நானும் சொன்னேன்: "சந்தோஷமா இருந்தா இப்படி ஒரு சத்தம் குடுக்கும் ஆன்ட்டி."

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானாகச் சொன்னது. வீடியோவில் என் குரலில் பதிவாகியிருக்கிறது, தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் மின்விசிறி ஓடவில்லை.

பிறகு கூட்டம் உள்ளே நகர நகர, கோழிகள் எதிர் மூலைக்கு ஒதுங்கின. ஒதுங்கியவை நெருங்கின. நெருங்கியவை ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கின.

"கட்டிப்பிடிச்சிட்டு நிக்குதுங்க, சோ ஸ்வீட்" என்றார் ஆன்ட்டி. "நம்ம அபார்ட்மெண்ட்லகூட இந்த ஒத்துமை கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சுளாக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், ஏறுதுங்க. அடியில மாட்டுனதுக்கு மூச்சு வராது. நான் போயி கலைக்கட்டுங்களா?"

கலைப்பதென்றால் கையை வீசிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அடிப்பதுபோல் தெரியும். முந்தின மாதம் வந்த ஒரு குழு, அவர் அப்படிக் கலைத்ததைப் பார்த்துவிட்டுக் 'கொடூரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அது என் மனதில் ஓடியது. கோழிகள் ஏறிக்கொண்டிருந்த மூலை ஓடவில்லை.

"விடுங்கக்கா. இவங்க கெளம்பட்டும். ரெண்டே நிமிஷம்."

தம்பி தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இந்த இரண்டு நிமிடம்தான். பார்க்க வருகிறவர்கள் கோழியைப் பார்ப்பதில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அது அவர்கள் குற்றம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், கோழியைப் பற்றி அவர்களுக்கு வேறு என்ன தெரியும்? ஆனால் நமக்குச் சம்பளம் அவர்களைப் பார்ப்பதற்கு இல்லை. கோழியின் மூக்கைப் பாருங்கள், வாயைப் பாருங்கள், மூலையைப் பாருங்கள். முகங்களைப் பார்க்க ஆரம்பித்தால் படித்தது மறந்துபோகும். எனக்கு மறந்துபோனது.

வெளியே மரத்தடியில் மோர் கொடுத்துக் கருத்துப் படிவம் கொடுத்தோம். 'கோழிகளின் நலன்: ஒன்று முதல் ஐந்து வரை.' அந்தப் படிவத்தைத் தயாரித்ததும் நான்தான். "நீங்க எத்தனை போட்டீங்க?" என்று ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ஆன்ட்டி ஐந்து போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் பேனாக்கள் வேகமாக ஓடின. வேன் டிரைவரும் சும்மா உள்ளே வந்து எட்டிப் பார்த்திருந்தார். அவருக்கும் ஒரு படிவம் போய்விட்டது. அவர் எந்த குரூப்பிலும் இல்லை. இரண்டு போட்டு, கீழே 'காத்து இல்ல. நமக்கே முடியல' என்று எழுதியிருந்தார். சராசரி கெட்டுவிடும் என்று அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வேன் கேட்டைத் தாண்டியதும் ஷெட்டுக்கு ஓடினேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. படுதா மேலே ஏறியிருந்தது. நான் வெளியே மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோதே மஞ்சுளாக்கா என்னைக் கேட்காமல் எல்லாவற்றையும் செய்திருந்தார். மூலையில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக இழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நின்னுட்டிருக்காதீங்க மேடம். இது மூச்சு விடுது. அந்த வாளியைக் கொண்டாங்க."

கொண்டுபோனேன். சில பிழைத்தன. பிழைக்காதவை நான்கு சாக்கு வந்தன.

அன்று மாலைக்குள் ஆன்ட்டியின் வீடியோ ஓசூர் முழுக்கச் சுற்றியது. 'உலகத்திலேயே சந்தோஷமான கோழிகள்.' முட்டைக்குக் கேட்டு நிறைய அழைப்புகள் வந்ததாக மேனேஜர் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கோழி இறந்தால் பெங்களூர்க் கடைக்கு அறிக்கை போக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. பார்வையாளர்கள்னு எழுதினா இனி ஒருத்தரும் வர மாட்டாங்க. படுதான்னு எழுதினா ஏன் எறக்கினீங்கன்னு கேப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "சுவிட்ச்சை ஆஃப் பண்ணது யாரு?"

"மஞ்சுளாக்காதான் சார்."

"அவ்ளோதானே. எழுதிடுங்க."

'மின்விசிறி பணியாளரால் நிறுத்தப்பட்டது' என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வீட்டில் பத்து மாதக் குழந்தை, வீட்டுக் கடன், விடுப்பில் போய் வந்தவள் என்று ஏற்கெனவே என்மேல் ஒரு கண். இதையெல்லாம் காரணம் என்று சொல்லவில்லை. எழுதும்போது இவை நினைவுக்கு வந்தன என்று மட்டும் சொல்கிறேன். பின்னால் தணிக்கைக்கு வந்தவர் அறிக்கையின் மொழி மிகத் தெளிவாக இருப்பதாகப் பாராட்டினார்.

திங்கட்கிழமை மஞ்சுளாக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட் வரைக்கும் கூடப் போனேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த தடவ ஆளுங்கள கூட்டியாந்தா, அவங்கள உள்ள உட்டுப் பூட்டிட்டு, கோழிங்கள வெளிய உடுங்க மேடம். அதுங்களாச்சும் பொழைக்கும்."

நான் வீட்டில் கணவரிடம் புலம்பியது, அவர் லிஃப்டில் யாரிடமோ சொன்னது என்று இரண்டு நாளில் குரூப்புக்கு விஷயம் போய்விட்டது. 'வேலைக்காரி ஃபேனை நிறுத்தியதால் கோழிகள் மரணம்.' முதல் பதில் ஆன்ட்டியுடையது: 'இவங்களுக்கெல்லாம் இரக்கமே கிடையாதா? வாயில்லா ஜீவன்.' அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். 'போலீஸ்ல குடுக்கணும்' என்று ஒருவர். 'படிப்பறிவு இல்லாதவங்கள வேலைக்கு வெச்சா இப்படித்தான்' என்று இன்னொருவர். மின்விசிறியை நிறுத்தச் சொன்னது யார் என்பது பதினெட்டுப் பேருக்கும் தெரியும். ஒருவருக்குக்கூட நினைவுக்கு வரவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். பொய் சொல்கிறவர்களாக இருந்தால் கொஞ்சம் பயந்திருப்பார்கள், அவர்கள் பயப்படவே இல்லை. நான் பேசாமலிருந்தேன். பேசாமலிருந்தால் வித்தியாசமாகத் தெரியுமோ என்று கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகம் ஒன்றைப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் குடும்பங்கள் சேர்ந்து பிரியாணி. குரூப்பில் அதே செய்திக்குக் கீழேயே 'தோலோடவா, தோல் இல்லாமலா?' என்று கணக்கெடுத்தார்கள். கோழி தின்பதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. என் தட்டுக்கும் ஒரு கால் துண்டு வந்தது.

சில மாதம் கழித்து வேலையை விட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று கடிதத்தில் எழுதினேன். "நல்ல அம்மா" என்றார் ஆன்ட்டி. உடனே எல்லோரும் சொன்னார்கள்.

போன வாரம் மஞ்சுளாக்கா போன் செய்தார். மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் கூட்டித் துடைக்கிறாராம். இரண்டு பஸ் மாற வேண்டும். பண்ணையில் இன்னொரு கூண்டில்லாத ஷெட் கட்டி, அடுத்த மாதம் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். பெயரைக் கேட்டதும் பழைய பதிவைப் பார்த்துவிட்டு முடியாது என்றிருக்கிறார்கள்.

"அலட்சியம்னு எழுதியிருக்குதாம் மேடம். நீங்க ஒரு வார்த்த சொன்னா எடுத்துக்குவாங்களாம். கோழிங்களோட இருந்து பழகிட்டேன், இந்தக் கண்ணாடித் தரை எனக்கு ஆவல."

நான் எழுதிய 'நிறுத்தப்பட்டது'தான் பதிவில் 'அலட்சியம்' ஆகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"போன்ல ஒரு வார்த்தை, நல்லா வேலை செய்வாங்கன்னு சொல்லு, முடிஞ்சுது. பழசை எதுக்குக் கிளர்ற?" என்கிறார் என் கணவர். அப்படிச் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்தான். ஆனால் பதிவில் 'அலட்சியம்' அப்படியே இருக்கும். புது ஷெட்டில் முதல் கோழி செத்த அன்றைக்கு எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வரியை அழிக்க வேண்டுமென்றால், நிறுத்தச் சொன்னது நான், கலைக்க வேண்டாம் என்றதும் நான் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் இப்போது ஒரு பண்ணைத் தணிக்கை நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அவர்கள் பழைய பண்ணையில் விசாரிப்பார்கள். என் மகளுக்கு இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒரே சிநேகிதி சுகந்தி ஆன்ட்டியின் பேத்தி.

எழுதிக் கொடுப்பதென்று நேற்று முடிவு செய்தேன். கடிதமும் எழுதிவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. எனக்குப் புரியாதது மூன்று. மேனேஜரிடம் கொடுத்தால் போதுமா, 'இரக்கமே கிடையாதா' என்று எழுதிய அந்த குரூப்பிலும் போட வேண்டுமா? அங்கே போட்டால் மஞ்சுளாக்காவின் பெயரை மறுபடி இழுத்துவிட்ட மாதிரி ஆகாதா? அவரிடம் முதலில் கேட்கலாமா? கேட்டால் "வேணாம் மேடம், உடுங்க" என்பார், நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், ஆள் எடுப்பதற்கு முன்னால் வந்து சேரும்படி. ஒரே ஒரு வேண்டுகோள்: எழுதுவதற்கு முன் உங்களுக்குள் பேசிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவரும் தனியாக எழுதுங்கள். முதலில் வந்த பதில் என்னவென்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.